பழைய பி.எம்.டபிள்யூ 328i: இரண்டாம் ஓனரின் மதிப்புரை

செகண்ட் ஹேண்டில் ஜெர்மன் கார் வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வரும்போது இரண்டு விஷயத்தைத்தான் சொல்வார்கள். விலை இவ்வளவு, ஓடியது இவ்வளவு கிலோமீட்டர். சர்வீஸ் ஃபைல் இருக்கிறதா என்று கேட்டால் பதில் வராது. இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்விக்காகத்தான். வண்டி எப்படி என்று மட்டும் கேட்டால், 2013 மாடல் பி.எம்.டபிள்யூ 328i நான் ஓட்டிய கார்களிலேயே என் மனசுக்குப் பிடித்தது. ஆனால் விற்பனைக்கு வருகிற எல்லா 328ம் வாங்கத் தகுந்தவை அல்ல. பத்தில் இரண்டு மூன்று தேறினால் அதிகம்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜில்லா, பஸ் ஸ்டாண்டில் நின்று காது கொடுத்தால் பாதித் தமிழ், பாதி மலையாளம். வேலந்தாவளம் ரோட்டில் எங்களுக்கு ஒரு காயர் மில், அதாவது தேங்காய் நார் மில் இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மோட்டாரும் பேரிங்கும் பெல்ட்டும் நாளெல்லாம் சத்தம் போடுகிற இடத்தில் வளர்ந்தவள் என்பதால் இயந்திரத்தின் குரல் எனக்குக் கொஞ்சம் புரியும். வீட்டுக்காரர் பொலேரோவோடு திருப்தியாக இருக்கிறார். பி.எம்.டபிள்யூ என் ஆசை, என் சம்பாத்தியம்.

328i என்பது பி.எம்.டபிள்யூவின் த்ரீ சீரிஸ் வரிசையில் ஒன்று. எஃப்30 என்று சொல்கிற இந்தத் தலைமுறை த்ரீ சீரிஸ் 2012ல் இந்தியாவுக்கு வந்தது. சென்னைக்குத் தெற்கே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி பக்கம் பி.எம்.டபிள்யூ 2007ல் ஆரம்பித்த தொழிற்சாலையில்தான் இதைப் பூட்டினார்கள். உள்ளே இருப்பது என்20 என்கிற 1,997 சிசி நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். 245 குதிரைசக்தி. 350 நியூட்டன் மீட்டர் இழுவிசை, அதுவும் 1,250 ஆர்.பி.எம்.மிலேயே முழுசாகக் கைக்கு வந்துவிடும். இசட்.எஃப். கம்பெனியின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கர டிரைவ். நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட ஆறு விநாடி போதும். கோவைப் பக்கம் காற்றாலைக்குக் கியர்பாக்ஸ் செய்கிறார்களே, அதே இசட்.எஃப்.தான். எங்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுற்றுகிற காற்றாடிகளைத் தாண்டிப் போகும்போது அது எனக்கு ஒரு சந்தோஷம்.

ஆறு விநாடிக் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2023 ஜூனிலிருந்து கேரளத்து ரோடுகளில் ஏ.ஐ. கேமரா அபராதம் போடுகிறது, அது நல்லதுதான். வேகம் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்குக் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2.1 கிலோமீட்டர் டிராக். எனக்கு இந்த வண்டியின் அருமை தெரிவது வேறு இடத்தில். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறுகிற 40 கொண்டை ஊசி வளைவுகளில்.

அங்கே சாதாரண முன்சக்கர டிரைவ் கார் வளைவுக்குள் நுழையும்போது மூக்கு வெளியே தள்ளும். ஸ்டீயரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடிக்க வேண்டியிருக்கும். 328ல் முன்பக்கமும் பின்பக்கமும் எடை ஏறக்குறைய சரிபாதி. வளைவுக்கு முன்னால் பிரேக்கை முடித்துக்கொண்டு, ஒரே பிடியில் திருப்பி, வெளியே வரும்போது ஆக்ஸிலேட்டரை மெதுவாக அழுத்தினால் பின்னாலிருந்து யாரோ இடுப்பில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி வண்டி நேராகிக் கிளம்பும். முப்பது நாற்பது வேகத்திலேயே அந்தச் சுகம் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் அந்த ரோட்டில் போகவும் கூடாது. ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ பாயின்ட், அதைச் சுற்றி வரையாடுகள் தடுப்புச்சுவர் மேலேயே நிற்கும். பஸ் வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

ஸ்டீயரிங் பற்றி ஒரு குறை உண்டு. எலக்ட்ரிக் ஸ்டீயரிங் என்பதால் முந்தைய தலைமுறை த்ரீ சீரிஸில் இருந்த அளவு ரோடு கையில் தெரியாது. என் தம்பி பழையதையும் ஓட்டியவன், இதை ஒத்துக்கொள்ளவே மாட்டான். நான் ஒத்துக்கொண்டுவிட்டேன். தினமும் பொள்ளாச்சி போய் வருகிறவளுக்கு இது போதும்.

சரி, வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன்.

கேரளத்தில் பழைய சொகுசுக் கார் தேடினால் முதலில் கண்ணில் படுவது கல்ஃப்காரர் வண்டிதான். பெரிய வீடு, போர்டிகோவில் உறை போட்ட கார், ஓனர் துபாயிலோ தோஹாவிலோ. வருஷத்துக்கு ஒரு மாசம் வந்து ஓட்டுவார். மற்ற நாளில் வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆள் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் விட்டு அணைப்பார். திருச்சூர்ப் பக்கம் அப்படி ஒன்று பார்த்தேன். அதே 2013 மாடல், 31,000 கிலோமீட்டர், பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. பதினாலரை லட்சம் சொன்னார்கள். ஃபைலில் இருந்தது ஆரம்ப காலத்து இரண்டு பில் மட்டும். டயரில் பள்ளம் முழுசாக இருந்தது, ஆனால் பக்கவாட்டில் எழுதியிருந்த தயாரிப்புத் தேதி காரின் வயசுதான். ரப்பரில் நகத்தை வைத்து அழுத்தினால் பதியவில்லை.

நின்ற வண்டிக்கு வருகிற நோய்கள் தனி. பத்து நிமிஷம் ஓடி அணைந்த எஞ்சினில் ஆயில் நன்றாகச் சூடாகவே ஆகாது. உள்ளே சேர்கிற ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலோடு கலந்துகிடக்கும். ரப்பர் சீல்கள் காயும். பேட்டரி இறங்கி இறங்கி ஏறும். பிரேக் டிஸ்க்கில் துரு தடிக்கும். மீட்டரில் கிலோமீட்டர் கூடாததால் சர்வீஸும் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் மில்லில்கூட சீசன் இல்லாத காலத்தில் நிறுத்திவைத்த மெஷின்தான் திரும்ப ஓடும்போது முதலில் தகராறு செய்யும்.

அந்த வண்டியை விட்டுவிட்டேன். நான் வாங்கியது எர்ணாகுளத்தில் ஒரு டாக்டருடையது. அதே வருஷம், அதே கருநீலம், 88,000 கிலோமீட்டர். பம்பரில் கீறல், டிரைவர் சீட்டின் ஓரத்தில் தோல் வெடித்திருந்தது. ஆனால் அவர் கொண்டுவந்து மேஜையில் வைத்த ஃபைல் ஒரு கேஸ் கட்டு கனம் இருந்தது. வருஷம் தவறாமல் ஆயில் பில். வாட்டர் பம்ப் மாற்றிய பில், பழைய பார்ட்டைத் திருப்பிக் கொடுத்ததாக எழுதி வாங்கியது. பேட்டரி மாற்றி, அதை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்ததற்குத் தனியாக ஒரு வரி. இந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இந்த வண்டிகளில் பேட்டரியை மாற்றினால் மட்டும் போதாது. புதுசு போட்டாயிற்று என்று கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்குக் கொடுக்கிற மாதிரியே சார்ஜ் கொடுத்துப் புதுசையும் சீக்கிரம் கெடுத்துவிடும். அதுவரை யோசித்துச் செய்கிற ஒருவர் மற்றதையும் ஒழுங்காகத்தான் செய்திருப்பார்.

பார்க்கப் போகும்போது கோவையிலிருந்து ஒரு மெக்கானிக் தம்பியைக் கூட்டிப்போனேன். சொந்தமாகச் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், ஜெர்மன் வண்டி மட்டும்தான் எடுப்பார். கிளம்புகிறதுக்கு முந்தின நாளே போன் செய்து, "அக்கா, நாம வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லிருங்க. எஞ்சின் பச்சையா இருக்கோணும்" என்றார். போனதும் பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. அப்புறம்தான் சாவியை வாங்கினார்.

குளிர்ந்த எஞ்சினில்தான் என்20யின் குறை பேசும். ஸ்டார்ட் செய்து, ஆர்.பி.எம்.மை மெல்ல ஏற்றி, முன்பக்கம் காதை வைத்துக் கேட்க வேண்டும். வேகத்தோடு கூடவே ஏறி இறங்குகிற ஒரு மெல்லிய ஊளை கேட்டால் செயின் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது என்ன செயின் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

என்20 எஞ்சினில் பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்க்கையும் வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட்டையும் இணைக்கிற டைமிங் செயின், பிளாஸ்டிக் கைடுகளின் மேல் உரசி ஓடுகிறது. 2015 தொடக்கத்துக்கு முன்னால் வந்த எஞ்சின்களில் அந்தக் கைடு வெப்பத்திலும் ஆயிலிலும் நாளாவட்டத்தில் மொறுமொறுத்து உடைகிறது. உடைந்த துண்டு கீழே ஆயில் தேங்குகிற சம்ப்பில் விழுந்து, ஆயில் உறிஞ்சுகிற குழாயின் வலையை அடைக்கும். செயின் தளர்ந்து பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். ஆயில் பம்ப்பை ஓட்டுகிற சின்னச் செயினுக்கும் இதே கதி. அமெரிக்காவில் ஓனர்கள் கோர்ட்டுக்குப் போய் கம்பெனியோடு சமரசம் ஆகிற அளவுக்கு இது தெரிந்த குறை. இங்கே விற்பவர்களில் பாதிப்பேர் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

டாக்டர் வண்டியில் ஊளை இல்லை. ஆனால் அவ்வளவு கனமான ஃபைலில் செயின் மாற்றியதற்கு மட்டும் பில் இல்லை. இதைத்தான் நான் பேரம் பேசப் பயன்படுத்தினேன். "சாரே, செயின் மாறியிட்டில்லல்லோ" என்று ஆரம்பித்து, செலவை எழுதிக் காட்டினேன். அவரும் நியாயமான மனுஷர். பதினொன்றே கால் லட்சத்தில் நின்றது பத்தரைக்கு இறங்கியது. வாங்கிய கையோடு வண்டி நேராகக் கோவை ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று.

பக்கத்திலிருந்தே அந்த வேலையைப் பார்த்தேன். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற முன்பக்கச் சட்டத்தை, அதாவது சப்ஃபிரேமை இறக்கி, சம்ப்பைக் கழற்றி, கேமையும் கிராங்க்கையும் அசையாமல் பூட்டுகிற தனிக் கருவிகளை மாட்டினார்கள். கிராங்க் முனையில் இருக்கிற ஹப்புக்கு, அது நழுவாமல் பிடிக்கிற சாவி வெட்டு கிடையாது, போல்ட்டின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. கருவி இல்லாமல் அதைத் தளர்த்துகிறவனிடம் இந்த எஞ்சினைக் கொடுக்கவே கூடாது. கழற்றிய கைடைத் தம்பி என் கையில் கொடுத்தார். வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டியது வெல்லப்பாகு நிறத்துக்கு வந்திருந்தது. கட்டைவிரலால் லேசாக வளைத்தேன், டக்கென்று இரண்டாகப் போய்விட்டது. சம்ப்பின் அடியில் நகத்துண்டு அளவில் இரண்டு பிளாஸ்டிக் சில்லு கிடந்தது. ஊளை கேட்காத, வருஷா வருஷம் ஆயில் மாற்றிய வண்டியிலேயே நிலைமை இதுதான். அந்த 31,000 கிலோமீட்டர் வண்டியின் எஞ்சினுக்குள் பத்து வருஷப் பழைய பிளாஸ்டிக் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு செயின், கைடுகள், டென்ஷனர், சீல், வால்வ் கவர் கேஸ்கட், புது போல்ட்டுகள், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றே கால் லட்சத்தை ஒட்டி வந்தது. போல்ட் எதற்குப் புதுசு என்று கேட்காதீர்கள். இந்த எஞ்சினில் பல இடங்களில் அலுமினிய போல்ட். ஒருமுறை முறுக்கிக் கழற்றினால் தூக்கிப் போட வேண்டியதுதான். பழசையே திரும்ப மாட்டுகிற ஒர்க்‌ஷாப் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிதான் இன்னொரு பெரிய ஆபத்து. 2015 டிசம்பரில் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளம், 2023 டிசம்பரில் மறுபடி சென்னை. இந்த மூன்று வெள்ளத்திலும் முங்கிய கார்கள் கழுவித் துடைத்து எங்கெங்கோ விற்பனைக்குப் போயிருக்கின்றன. எங்கள் பக்கம் இரண்டு மாநில வண்டியும் வரும் என்பதால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். சீட் பெல்ட்டை முழுசாகக் கடைசி வரை இழுத்து, அடியில் இருக்கிற நாடாவை முகர்ந்து பாருங்கள். சேற்றுக் கோடும் புழுங்கல் வாசனையும் அங்கேதான் மறைந்திருக்கும். டிக்கியின் வலப்பக்க மூடியைத் திறந்தால் பேட்டரி இருக்கும். அதன் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா, கம்பிகளின் முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சன்ரூஃப் உள்ள வண்டி என்றால் முன் சீட்டின் காலடிக் கம்பளத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். சன்ரூஃபிலிருந்து தண்ணீர் வடிகிற குழாயில் இலை அடைத்துக்கொண்டால் நம் ஊர் மழை முழுக்க அங்கேதான் இறங்கும்.

மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பதைக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கலாம். ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் இருப்பதில்லை. வண்டியில் இருக்கிற மற்ற கம்ப்யூட்டர் மாட்யூல்களிலும் பதிவாகும், சாவியிலும் இருக்கும். மீட்டரை மாற்றுகிற ஆசாமி எல்லா இடத்திலும் மாற்ற மெனக்கெட மாட்டார். சேஸிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்தை வைத்துத் தயாரான மாசம், வந்த வசதிகள் எல்லாம் தெரிந்துகொள்ளலாம்.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்குக் கேரள வண்டியைக் கேரளத்திலேயே பெயர் மாற்றியதால் படிவம் 29ம் 30ம் போதுமானதாக இருந்தது. கோவையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று டி.என். வண்டியை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் படிவம் 28ல் ஆட்சேபணை இல்லை என்கிற என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, புது எண் எடுக்க வேண்டும். 12 மாசத்துக்கு மேல் வெளிமாநில எண்ணிலேயே வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. மாநில எல்லையான வாளையாரைத் தாண்டித் தாண்டி ஓட்டிச் சமாளிக்கலாம் என்கிற யோசனை வேண்டாம். புதுச்சேரி எண் போட்ட பெரிய கார் மலிவாக வந்தால் கூடுதல் கவனம் தேவை. வரியை மிச்சம் பிடிக்கப் பொய் விலாசத்தில் அங்கே பதிந்த கார்களைப் பற்றி 2017ல் கேரளத்தில் விசாரணையே நடந்தது. அந்தச் சிக்கல் வண்டியோடு கூடவே வரும். கடன் இருந்த வண்டி என்றால் கடன் தீர்ந்ததற்கான படிவம் 35ம் பேங்க் கடிதமும் கையில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இனி வைத்துக் காப்பாற்றுகிற கதை. இந்த எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கிற குச்சியே கிடையாது. திரையில்தான் பார்க்க வேண்டும், அதுவும் எஞ்சின் சூடான பிறகு. கம்ப்யூட்டர் சொல்கிற ஆயில் மாற்ற இடைவெளி குளிர்ந்த தேசத்து நீண்ட ரோட்டுக்குச் சரி. மார்ச், ஏப்ரலில் நாற்பது டிகிரியை எட்டுகிற பாலக்காட்டுக்கு அது நீளம். நான் 8,000 கிலோமீட்டருக்கோ வருஷத்துக்கு ஒருமுறையோ, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுகிறேன். ஐந்து லிட்டர், பி.எம்.டபிள்யூ அனுமதித்த தரத்தில். இதில் கஞ்சம் பிடிக்கவே கூடாது.

கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்லித்தான் வண்டியை விற்றார்கள். கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப்.போ 80,000 கிலோமீட்டருக்கு மேல் போனால் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைத்தான் நான் கேட்பேன். ஃபில்டர் தனியாக இல்லை, அடியில் இருக்கிற பிளாஸ்டிக் சம்ப்போடு சேர்ந்தே இருக்கும். முழு சம்ப்பையும் மாற்ற வேண்டும். நாற்பதாயிரம் ஆயிற்று. அதற்குப் பிறகு இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இருந்த சின்னத் தயக்கம் காணாமல் போயிற்று.

ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கின் கேஸ்கட் கசிவது இந்த எஞ்சினின் வாடிக்கை. என் வண்டியிலும் வந்தது. முதலில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். முழு ஹவுசிங்கையும் மாற்ற வேண்டும், எழுபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். எங்கே கசிகிறது என்று காட்டுங்கள் என்று கேட்டேன், வண்டியைத் தூக்கிக் காட்டக்கூட ஆள் வரவில்லை. கோவைத் தம்பி துடைத்து, ஒரு நாள் ஓட்டிவரச் சொல்லி, டார்ச் அடித்து அந்த ஈரத்தை எனக்கே காட்டினார். "ஹவுசிங் நல்லா இருக்குதுங்க அக்கா, ரப்பர்தான் செத்துப்போச்சு." எல்ரிங் கம்பெனி கேஸ்கட் வாங்கி மாற்றினோம், கூலியோடு ஒன்பதாயிரம். கவனிக்காமல் விட்டிருந்தால் ஆயில் பெல்ட் மேல் சொட்டி அதையும் கெடுத்திருக்கும். எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பானாலும், குறையைக் கண்ணால் காட்டுகிறவரிடம் வண்டியைக் கொடுங்கள். பார்ட் விஷயத்திலும் அப்படித்தான். பி.எம்.டபிள்யூ பெட்டியில் வருகிற பல சாமான்களைச் செய்து கொடுப்பதே மான், மாலே, லெம்ஃபோர்டர், பாஷ் போன்ற கம்பெனிகள். அவர்களுடைய சொந்தப் பெட்டியில் வாங்கினால் கணிசமாக மிச்சம். பெயர் தெரியாத மலிவுச் சாமானைச் சஸ்பென்ஷனுக்கும் கூலிங்குக்கும் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

தோப்புக்குள் வீடு இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். எலி. மில்லைச் சுற்றி நார்க் குவியல், மட்டைக் குவியல், ராத்திரி குளிருக்குச் சூடான எஞ்சின் மேல் வந்து படுக்கும். ஒருநாள் காலையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. திறந்து பார்த்தால் ஆக்ஸிஜன் சென்சார் ஒயர் பல் பதிந்து அறுந்திருந்தது, பக்கத்தில் நாரைக் கொண்டுவந்து மெத்தை போட்டிருந்தது. அன்றிலிருந்து வண்டியைக் குவியலிலிருந்து தள்ளி, வெளிச்சத்தில், ராத்திரி பானெட்டைத் திறந்தே விட்டுவைக்கிறேன். இருட்டும் கதகதப்பும் இல்லாவிட்டால் வருவது குறைகிறது.

பெட்ரோல் கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டில்தான் போடுகிறேன், எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். லிட்டருக்கு வித்தியாசம் தெரியும். 95 ஆக்டேனுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2023ல் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வர ஆரம்பித்த பிறகு மைலேஜ் கொஞ்சம் இறங்கியது நிஜம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்க்கை நிரப்பி மாசக்கணக்கில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருப்பது நல்லது.

டயர்தான் இந்த வண்டியில் என்னை யோசிக்க வைக்கிற ஒரே செலவு. முன்னால் 225/45, பின்னால் 255/40, எல்லாம் 18 அங்குலம். முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்ய முடியாது. ரன்ஃபிளாட் டயர் என்பதால் ஸ்டெப்னி கிடையாது. காற்று போனாலும் மெதுவாக ஓட்டி ஊர் சேரலாம். அந்தக் கெட்டியான பக்கச்சுவர்தான் நம் குழிகளில் முதுகை அடிக்கிறது, ரிம்மையும் வளைக்கிறது. மழைக்காலம் முடிந்து பார்த்தால் எங்கள் ஜில்லாவின் சித்தூர் ரோட்டில் எங்கே குழி என்று எனக்கு மனப்பாடம். இரண்டாவது செட் வாங்கும்போது சாதாரண டயருக்கு மாறி, டிக்கியில் காற்றடிக்கிற மெஷினும் பங்க்சர் கிட்டும் வைத்துக்கொண்டேன். பயணம் எவ்வளவோ மிருதுவாகிவிட்டது. ராத்திரியில் தனியாக நெடுந்தூரம் போகிறவர்கள் ரன்ஃபிளாட்டிலேயே இருக்கட்டும், அந்த நிம்மதிக்கு விலை உண்டு.

வேறு எதை வாங்கலாம் என்றும் கேட்பார்கள். அதே எஃப்30யில் 320டி டீசல் நிறைய கிடைக்கும். அந்த என்47 எஞ்சினிலும் செயின் பிரச்சினை உண்டு, செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால் வேலை இன்னும் பெரிசு. பட்ஜெட் இருந்தால் பின்னால் வந்த 330i எடுங்கள். அதில் இருக்கும் பி48 எஞ்சின் 252 குதிரைசக்தி, நான் மிகவும் மதிக்கிற எஞ்சின். சின்னதாக வேண்டும் என்கிறவர்கள் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. பக்கம் போவார்கள். ஓட்ட அருமை, ஆனால் அதன் ஏழு கியர் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. என்கிற ஆட்டோமேட்டிக் பெட்டியில், கியரை மாற்றுகிற கம்ப்யூட்டர் பகுதியான மெக்கட்ரானிக்ஸ் போனால் பில் பெரிசாக வரும். அதை மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். ஃபோக்ஸ்வாகன் எஞ்சினோடு வருகிற 2017 ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். 230 குதிரைசக்தி, நாலு பேர் உட்கார்ந்து சாமானும் ஏற்றலாம். அதன் ஆறு கியர் ஈரக் கிளட்ச் பெட்டி உறுதியானது, 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றியிருந்தால் போதும். வேகமும் வேண்டும், குடும்பத்துக்கும் வேண்டும் என்றால் அதையே சொல்வேன்.

பணக் கணக்கு இப்படி. வாங்குகிற விலையில் கால் பங்கை முதல் வருஷத்துக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். பத்து லட்சம்தான் கையில் இருக்கிறது என்றால் எட்டு லட்சத்து வண்டியைத் தேடுங்கள். முதல் வருஷம் தாண்டிய பிறகு எனக்கு டயர் இல்லாத வருஷங்களில் இன்ஷூரன்ஸ் தவிர அறுபது எழுபதாயிரத்தில் அடங்குகிறது. ஈ.எம்.ஐ. போட்டு விளிம்பில் நின்று வாங்குகிறவர்களை நான் தடுப்பேன். முதல் பெரிய பில் வரும்போது வேலையைத் தள்ளிப்போடத் தோன்றும், இந்த வண்டிகள் தள்ளிப்போடுவதைத் தாங்காது. பக்கத்தில், ஒரு மணி நேரத் தூரத்துக்குள், இதை அறிந்த மெக்கானிக் இல்லாத ஊர் என்றாலும் வேண்டாம். எனக்குக் கோவை கைக்கெட்டும் தூரம் என்பது பெரிய வசதி.

2028ல் என் வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது, மறுபதிவுக்குச் சித்தூர் ஆர்.டி.ஓ.வில் காட்ட வேண்டும். அதற்குள் முன்பக்கக் கன்ட்ரோல் ஆர்ம் புஷ்களையும் பின்பக்க ஷாக் அப்சார்பர்களையும் மாற்றிவிடத் திட்டம் போட்டிருக்கிறேன். சாமானுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று, பில் ஃபைலில் சேரும்.